புகார் எண் வந்துவிட்டது, அப்புறம்?

சென்னையில் உள்ளாட்சி, டிஜிட்டல் என்று பேச்சை எடுத்தாலே எத்தனை ஆப் வந்தது, சாட்பாட் வந்துவிட்டதா, கண்ட்ரோல் ரூமில் எவ்வளவு பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள் என்ற பக்கமே பேச்சு ஓடுகிறது. எனக்கு அதில் பெரிய ஆர்வம் கிடையாது. புகார் கொடுக்க இந்த ஊரில் வழிக்குப் பஞ்சமே இல்லை. 1913 என்ற எண் பல வருடமாக இருக்கிறது. ரிப்பன் மாளிகை திறந்த வருடமும் அதுவே என்பதால் ஒருமுறை கேட்டால் மறக்காது. நம்ம சென்னை செயலி இருக்கிறது, மாநகராட்சி இணையதளம், எக்ஸ் கணக்கு, வாட்ஸ்அப், இது எதுவும் சரிப்படவில்லை என்றால் ‘முதல்வரின் முகவரி’ என்ற மாநில அரசின் குறைதீர்ப்புத் துறைக்கு 1100. இவ்வளவு இருந்தும் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கிறவர் கடைசியில் கவுன்சிலர் நம்பரைத்தான் தேடுகிறார்.

ஏன் என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். புகார் எப்படி உள்ளே போகிறது என்பதையே எல்லாரும் பார்க்கிறோம். உள்ளே போனதை ‘முடிந்தது’ என்று எழுதி மூடுகிற உரிமை யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 2015 வெள்ளத்திலிருந்து இன்றுவரை சென்னையில் நடந்ததை எடுத்துப் பார்த்தால் இந்த ஒரு கேள்விதான் வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

முடிக்கவே முடியாத செய்திகள்

2015 டிசம்பர் 1-ஐச் சென்னைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறப்பு, அடையாற்றின் இரண்டு கரையும் தண்ணீரில். விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள், டவர்களும் ஒவ்வொன்றாகப் படுத்தன, பி.எஸ்.என்.எல். சிம் வைத்திருந்தவர் அன்றைக்கு அந்தத் தெருவுக்கே ராஜா.

அந்த நாட்களில் மக்கள் கையில் இருந்த இணையக் கருவிகளில் பேர் சொல்லும்படியானவை அரசு செய்தவை அல்ல. யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துத் தன்னார்வலர்கள் ஒரு வரைபடம் போட்டார்கள். உங்கள் தெருவைத் தட்டினால் அது ‘தண்ணீர் நிற்கும் தெரு’ என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். நீளமான படிவம் கிடையாது, ‘குறையின் வகையைத் தேர்வு செய்க’ கிடையாது. இன்னொரு பக்கம் எல்லாரும் திறந்து எழுதக்கூடிய ஆன்லைன் ஷீட்டுகள்: யார் வீட்டில் தங்க இடம் இருக்கிறது, எங்கே சாப்பாடு தயாராகிறது, யாரிடம் படகு இருக்கிறது. சென்னையில் நெட் இல்லாதவர்களுக்காகப் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்கள் உட்கார்ந்து அந்தக் கட்டங்களை நிரப்பினார்கள்.

இதை ஒரு வீரக்கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஷீட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு பக்கமும் தெரியும். முடிச்சூரில் ஒரு கர்ப்பிணி, இரண்டாவது மாடி, உடனே படகு வேண்டும் என்கிற மாதிரி ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும். படகு போய் அவரைக் கூட்டி வந்துவிடும். செய்தி மட்டும் நிற்காது, அடுத்தடுத்த நாளும் ‘அவசரம்’ என்ற தலைப்போடு குழுவுக்குக் குழு சுற்றும், அதைப் பார்த்து இன்னொருவர் படகு தேடக் கிளம்புவார். ‘மீட்டாச்சு’ என்று ஒரு வரி சேர்க்க அந்தச் செய்திக்குள் இடமே இல்லை, சேர்த்தாலும் ஏற்கெனவே ஃபார்வர்ட் ஆனவற்றுக்கு அது போய்ச் சேராது. ஒரு கட்டத்தில் தன்னார்வலர்களின் பாதி வேலை, பழைய செய்தி எது புதிய செய்தி எது என்று போன் போட்டுக் கேட்பதாகவே ஆகிவிட்டது.

ஆக, அங்கே எதுவும் முடியவே இல்லை. அரசு அமைப்புகளில் நேர் எதிர், வேலை நடக்கும் முன்பே ‘முடிந்தது’ என்று மூடிவிடுகிறார்கள். இரண்டிலும் குறை ஒன்றுதான்: யாருக்குக் கஷ்டமோ அவரைக் கேட்டு மூடுகிற ஏற்பாடு இல்லை.

வரைபடம் போட்டவர்கள் பக்கம் இன்னொரு குறையும் இருந்தது, அது அவர்கள் குற்றமல்ல. எந்தத் தெருவில் வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது, போன மழையில் எங்கே எத்தனை அடி நின்றது, எந்தச் சுரங்கப்பாதையில் எத்தனை மோட்டார் இருக்கிறது, இதெல்லாம் பொதுவெளியில் எடுத்துப் பயன்படுத்தும்படி இல்லை. அந்தந்த வார்டு உதவிப் பொறியாளரின் (ஏ.இ.) தலைக்குள் இருந்தது, மிச்சம் மண்டல அலுவலகக் கோப்புகளில் இருந்தது. ஏ.இ. மாற்றலாகிப் போனால் பாதித் தகவல் அவரோடு போய்விடும். 2011-ல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்தபோது 42 உள்ளாட்சிகளை உள்ளே இழுத்தது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு, தனி வரி எண், தனித் தெருப் பெயர். பிள்ளையார் கோயில் தெருவும் காந்தி தெருவும் இந்த ஊரில் எத்தனை இருக்கும் என்று யாராவது எண்ணினால் எனக்கும் சொல்லுங்கள். 1913-ல் போன் எடுப்பவர் முதலில் ‘லேண்ட்மார்க் சொல்லுங்க’ என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

கவுன்சிலர் இல்லாத வருடங்கள்

2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேலாக 200 வார்டுகளில் ஒன்றுக்குக்கூடக் கவுன்சிலர் கிடையாது, அதிகாரிகள் நிர்வாகம். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின் முதல் 20 ஊர்ப் பட்டியலில் சென்னை வந்ததும் 2016-ல்தான். நம்ம சென்னை செயலி, கட்டளை கட்டுப்பாட்டு மையம், பாண்டி பஜார் நடைபாதை வளாகம், எல்லாம் கவுன்சிலர் இல்லாத இந்தக் காலத்தில் வந்தவை.

டிஜிட்டல் நிர்வாகம் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத இடத்தில் செயலியும் ட்விட்டர் கணக்கும் வந்து உட்கார்ந்தன. குடிமகன் நேராக அதிகாரிக்கு எழுதுவார், அதிகாரி நேராகக் குடிமகனுக்குப் பதில் எழுதுவார், நடுவில் யாரும் கிடையாது. படித்த, ட்விட்டரில் இருக்கிற சென்னைக்கு அது பிடித்தும் இருந்தது. கமிஷனரை டேக் செய்தால் குப்பை எடுக்கிறார்கள் என்று அப்போது பெருமையாகச் சொன்னவர்கள் எங்கள் குடியிருப்போர் சங்கத்திலேயே உண்டு.

நியாயமாகச் சொன்னால் அந்தக் காலத்தில் நல்லதும் நடந்தது. 2020 கொரோனா நாட்களில் மாநகராட்சி தன் ட்விட்டர் கணக்கில் தினமும் 15 மண்டலங்களின் நிலவரத்தைப் படமாகப் போட்டது. ராயபுரத்தில் எத்தனை, கோடம்பாக்கத்தில் எத்தனை என்று ஊரே தன் மண்டலத்தின் வரியைத் தேடிப் படித்தது. படமாகப் போட்டதால் எண்களை எடுத்துக் கணக்குப் போட விரும்பியவர்கள் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

2022-ல் கவுன்சிலர்கள் வந்தார்கள். வந்த வேகத்தில் வார்டுக்கு வார்டு வாட்ஸ்அப் குழுக்கள் முளைத்தன. உண்மையான புகார்களில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது, காரணம் எளிது: அங்கே பதில் சொல்லாவிட்டால் ஐந்நூறு பேர் பார்ப்பார்கள், ஐந்நூறும் ஓட்டு. ஆனால் குழுவில் போட்ட புகாருக்கு எண் கிடையாது. எண் இல்லாதது எந்தக் கணக்கிலும் வராது. வார்டில் எத்தனை முறை ஒரே வடிகால் அடைத்தது என்ற கேள்விக்குக் கவுன்சிலரின் போனை மேலே மேலே தள்ளித்தான் பதில் கண்டுபிடிக்க முடியும். செயலியில் ஒரு சென்னை, வாட்ஸ்அப்பில் ஒரு சென்னை.

வேப்பங்கிளை

இப்போது ஒரு புகாரை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எந்த உள்ளாட்சி என்று சொல்லப்போவதில்லை. சென்னையும் அதை ஒட்டிய ஊர்களும் தெரிந்தவர்களுக்கு அது தேவையும் இல்லை.

எங்கள் தெரு முனையில் மழைநீர் வடிகாலின் மூடி உடைந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா போன் போட்டுப் புகார் சொன்னார், எண்ணோடு எஸ்.எம்.எஸ். வந்தது. அடுத்த வாரம் இன்னொரு எஸ்.எம்.எஸ்., ‘தங்கள் புகார் தீர்வு செய்யப்பட்டது’. போனைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, மூடி போட்டாச்சுன்னு வந்திருக்கு பாருங்க. நான் இப்பதான் அதைத் தாண்டி வர்றேன். யாரோ ஒரு வேப்பங்கிளையை ஒடிச்சு உள்ள செருகி வெச்சிருக்காங்க, அவ்ளோதான்.”

பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று தெரு மக்களே வைக்கும் எச்சரிக்கைப் பலகை அது. சரி, புகார் ஏன் மூடப்பட்டது என்று விசாரித்தால், போன் எடுத்தவர் அதைச் ‘சாலைப் பள்ளம்’ என்ற வகையில் போட்டிருக்கிறார். அது சாலைப் பிரிவுக்குப் போயிருக்கிறது. சாலைப் பிரிவு ‘எங்கள் வேலை அல்ல’ என்று குறிப்பு எழுதியிருக்கிறது. அந்தக் கணினியில் ‘எங்கள் வேலை அல்ல’ என்பதற்கும் ‘முடிந்தது’ என்பதற்கும் தனித்தனி நிலை இல்லை. இரண்டும் ஒரே பொத்தான். வடிகால் பார்க்கும் ஏ.இ.யைக் கேட்டபோது, “சார், எனக்கு வந்த லிஸ்ட்லயே அது இல்லை” என்றார். பொய் சொல்லவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு ஏ.இ.க்குத் தினமும் சாயங்காலம் ஒரு ஆய்வுக் கூட்டம். அங்கே கேட்கப்படும் கேள்வி ‘எத்தனை பெண்டிங்?’. பெண்டிங்கைக் குறைக்க இரண்டு வழி உண்டு: வேலையைச் செய்வது ஒன்று, மூடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு ஜே.சி.பி. தேவையில்லை. ‘மூடினதில் எத்தனை திரும்பி வந்தது?’ என்று அதே கூட்டத்தில் ஒருவர் கேட்க ஆரம்பித்தால் கதை மாறிவிடும், ஆனால் அந்த எண்ணை அமைப்பு எடுத்துக் காட்டினால்தானே கேட்க முடியும்.

அப்புறம் இந்தத் ‘துறை’ விவகாரம். சென்னையில் தெருவில் நிற்கும் தண்ணீர் மழைத்தண்ணீர் என்றால் மாநகராட்சி, சாக்கடை என்றால் குடிநீர் வாரியம். பஸ் போகிற சாலை மாநகராட்சியின் தனிப் பிரிவு, அதிலிருந்து திரும்பும் உட்புறச் சாலை மண்டல அலுவலகம், ஓ.எம்.ஆர். மாதிரியான பெரிய சாலை மாநகராட்சியே அல்ல. பெரிய கால்வாய்கள் நீர்வளத்துறை. ஓரத்தில் தண்ணீருக்குள் நிற்கும் பில்லர் பாக்ஸ் என்கிற மின் இணைப்புப் பெட்டி மின்வாரியம். மாநகராட்சி கையில் இருக்கும் பேருந்துச் சாலைகள் 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உட்புறச் சாலைகள் 5,000-க்கும் மேல். எது யாருடையது என்று அங்கே வேலை பார்ப்பவர்களே சில சமயம் வரைபடம் விரித்துத்தான் சொல்வார்கள். அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 12-வது அட்டவணையில் 18 வேலைகளை நகர உள்ளாட்சிகளுக்கு என்று பட்டியல் போட்டது 1990-களில். இங்கே குடிநீரும் கழிவுநீரும் 1978-லேயே ஒரு சட்டம் போட்டுத் தனி வாரியத்திடம் போனவை, இன்றும் அங்கேதான் இருக்கின்றன. இந்தப் பிரிவினையைச் செயலியால் சரிசெய்ய முடியாது. ஆனால் அதைப் பொதுமக்கள் தலையில் கட்டாமல் இருக்க முடியும்.

முடியும் என்பதற்கு ஒரு பழைய உதாரணமே இருக்கிறது. பிரிட்டனில் மைசொசைட்டி என்ற தொண்டு அமைப்பு 2007-ல் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற தளத்தைத் தொடங்கியது. அங்கேயும் பல இடங்களில் இரண்டு அடுக்கு உள்ளாட்சி, சாலை ஒருவரிடம், குப்பை இன்னொருவரிடம். வரைபடத்தில் இடத்தைக் குத்தி வகையைச் சொன்னால் போதும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதைத் தளமே பார்த்துக்கொள்ளும். புகார் எல்லாருக்கும் தெரியும்படி பொதுவில் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் அதன் கீழேயே ‘இன்னும் அப்படியேதான் இருக்கிறது’ என்று எழுதலாம். நான்கு வாரம் கழித்துப் புகார் சொன்னவருக்கு மெயில் வரும்: சரியாகிவிட்டதா? இந்த ஒரு கேள்விதான் எங்கள் எதிர்வீட்டு அம்மாவிடம் யாரும் கேட்காதது. அதன் நிரல் திறந்த மூலம், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பல நாடுகளில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

ஏரி அட்டவணை

சென்னையில் ஓர் அரசுத் தகவலை மக்கள் தினமும் தேடிப் படிக்கிறார்கள் என்றால் அது குடிநீர் வாரியத்தின் ஏரி நிலவர அட்டவணைதான். பார்க்க அழகே கிடையாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம். ஒவ்வொன்றின் மொத்தக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழை அளவு, போன வருடம் இதே நாளில் எவ்வளவு இருந்தது. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பதைச் சென்னையில் டீக்கடையில் நிற்பவரும் சொல்வார். நான்கும் நிரம்பினால் 11 டி.எம்.சி. சொச்சம்.

2019 கோடையில் நான்கும் கிட்டத்தட்டக் கட்டாந்தரையானபோது, இந்த அட்டவணை இருந்ததால்தான் நெருக்கடி எவ்வளவு பெரியது என்பது ஊருக்கு எண்ணாகத் தெரிந்தது. பழைய வருடங்களின் எண்களைச் சிலர் ஒன்றாகச் சேர்த்துப் பொதுவில் வைத்தார்கள், மாணவர்கள் வரைபடம் போட்டார்கள், பத்திரிகைகள் அதை வைத்து எழுதின. மழைக்காலத்தில் தனியார் வானிலை ஆர்வலர்கள் பதிவு போடும்போது வரத்து இவ்வளவு, இன்னும் இவ்வளவு அடிதான் பாக்கி என்று சொல்ல அதே எண்கள்தான் ஆதாரம். 2015-க்கு அப்புறம் செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று தெரியாமல் அடையாற்றங்கரையில் யாரும் தூங்குவதில்லை, அந்தப் பயத்துக்கு ஓர் எண் கிடைத்ததே பெரிய விஷயம்.

இந்த அட்டவணைக்கு ஆப் கிடையாது, தொடக்க விழா கிடையாது. தினமும் ஒரே வடிவத்தில், ஒரே இடத்தில், போன வருடத்தோடு ஒப்பிடும்படி ஒருவர் ஏற்றுகிறார், அவ்வளவுதான். டிஜிட்டல் உள்ளாட்சிக்குச் சென்னை காட்டக்கூடிய நல்ல மாதிரி எது என்று கேட்டால் நான் கட்டுப்பாட்டு மையத்தின் திரைச் சுவரைக் காட்டமாட்டேன், இதைத்தான் காட்டுவேன்.

இதே மாதிரி வார்டு புகார்களையும் போட்டால் என்ன? வேளச்சேரியில் அக்டோபரில் வந்த வடிகால் புகார் எத்தனை, மூடியது எத்தனை, திரும்ப வந்தது எத்தனை, போன அக்டோபரில் எத்தனை. பெயர், போன் நம்பர் வேண்டாம், கூடவே கூடாது; அனுமதி இல்லாத கட்டடத்தைப் பற்றிப் புகார் கொடுத்தவர் பெயர் கட்டடக்காரருக்குப் போனால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெருவும் வகையும் தேதியும் போதும்.

வெளியிலிருந்து இதைச் செய்ய முயன்றவர்கள் உண்டு. 2010-ஐ ஒட்டிய வருடங்களில் டிரான்ஸ்பரன்ட் சென்னை என்ற குழு பொதுக் கழிப்பறைகள் எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை என்று வரைபடம் போட்டது. அதைத் தொடங்கிய நித்யா ராமன் பின்னால் அமெரிக்கா போய் 2020-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்ற உறுப்பினரானார். நம் ஊர் மாமன்றத்துக்கு அப்போது தேர்தலே நடக்கவில்லை என்பதைச் சும்மா ஞாபகப்படுத்துகிறேன்.

வரைபடத்தில் வராதவர்கள்

புகார் எண்ணிக்கையை வெளியிடச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புகார் வரைபடம் என்பது பிரச்சினையின் வரைபடம் ஆகாது, புகார் சொல்லத் தெரிந்தவர்களின் வரைபடம். பெசன்ட் நகரில் ஒரு தெருவிளக்கு அணைந்தால் மூன்று புகார் போகும். வியாசர்பாடியில் ஒரு சந்து முழுக்க இருட்டாக இருந்தாலும், ‘சொன்னா மட்டும் வந்துடுவாங்களா’ என்று விட்டுவிடுவார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பணம் ஒதுக்கினால் விளக்கு இருக்கிற இடத்துக்கே இன்னொரு விளக்கு வரும். புகாரே வராத தெருக்களின் பட்டியலை எடுத்து அங்கே ஆளை அனுப்பிப் பார்ப்பதும் இந்தக் கருவியின் வேலையாக இருக்க வேண்டும்.

எல்லைக்கோடு இன்னொரு கூத்து. செம்மஞ்சேரி மாநகராட்சிக்குள், கடைசி வார்டான 200-ல் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பெரும்பாக்கம் ஊராட்சி, மாவட்டமும் செங்கல்பட்டு. கூவம் கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுக்குமாடி கட்டிக் கொடுத்த இடம் அது. அவர்கள் சென்னைக்குள் இருந்தவரை 1913 அவர்களுடையது. வீடு மாற்றிய அன்றோடு அந்த எண் அவர்களுக்கு இல்லை. தண்ணீர் இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டா நிற்கிறது?

அப்புறம் நெட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னையில் பல இடங்களில் கரண்டும் சிக்னலும் போய்விட்டன. எந்த நாளில் மக்களுக்குக் கருவி அவசியமோ அந்த நாளில்தான் அது படுத்துவிடுகிறது. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, நாடே சிரித்தது. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று வீட்டு வாசல் அளவில் நம்பும்படி யாரும் சொல்லவில்லை, மக்கள் தங்கள் அனுபவத்தை வைத்து முடிவெடுத்தார்கள். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் செய்த சென்னை வெள்ள எச்சரிக்கை அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாநில அரசின் டி.என்.அலர்ட் செயலியும் அந்த வருடமே வந்தது. கார் வைத்திருந்தவர் இரண்டையும் பார்க்கவில்லை, பாலத்தைப் பார்த்தார்.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-ல். அதற்கு அப்புறமும் பழைய எழுத்துருவில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக ஏற்றும் வழக்கம் அரசு அலுவலகங்களில் போகவில்லை. அந்தத் தாளில் உங்கள் தெருவின் பெயர் இருந்தாலும் தேடினால் கிடைக்காது. செயற்கை நுண்ணறிவு சாட்பாட் வைப்பதற்கு முன்னால் இதை நிறுத்தலாம், செலவே இல்லை.

எங்கே நன்றாக வேலை செய்கிறது

எல்லாமே கோளாறு என்று சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழை மாநகராட்சித் தளத்திலிருந்து காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். அந்தத் தாளுக்காக ஆபீஸ் வாசலில் நின்று ‘பார்த்துக்’ கொடுத்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். சொத்துவரியை உட்கார்ந்த இடத்திலேயே கட்டலாம், அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. 2025-ல் வாட்ஸ்அப் வழியாகவே பல சேவைகளைக் கொண்டுவந்தார்கள். இவை ஓடுவதற்குக் காரணம், இந்த வேலைகள் கணினிக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. ரசீது வந்தால் முடிந்தது, அதில் வாக்குவாதம் இல்லை. வடிகால் மூடி கணினிக்குள் முடிவதில்லை. இரண்டையும் ஒரே திரையில் அடுத்தடுத்த பொத்தானாக வைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே மாதிரி ‘முடிந்தது’ என்று எஸ்.எம்.எஸ். அனுப்புவதால்தான் மக்கள் இரண்டாவதை நம்புவதை விட்டுவிட்டார்கள்.

என்ன செய்யலாம் என்றால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். வேறு துறைக்கு மாற்றினால் அதே எண் தொடர வேண்டும், நாள் கணக்கு முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும். மூடும்போது ஒரு தானியங்கி அழைப்பு: சரியாகிவிட்டது என்றால் 1, இல்லை என்றால் 2. ஸ்மார்ட்போன் தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. 2 அழுத்தினால் அது ஏ.இ.யிடம் போகக்கூடாது, அவருக்கு மேலே உள்ளவரிடம் போக வேண்டும். வேலை முடிந்ததற்குப் படம் எடுத்துப் போடச் சொல்வதும் நல்லதுதான், ஆனால் பக்கத்துத் தெரு மூடியைப் படம் எடுப்பது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கும் தெரியும். கவுன்சிலர் குழுவில் வரும் குரல் பதிவுகளுக்கு எண் போட்டு உள்ளே ஏற்ற ஒரு வார்டுக்கு ஓர் ஆள் போதும். எதிர்வீட்டு அம்மா மாதிரி ஆட்கள் தட்டச்சு செய்யப்போவதில்லை, பேசுவார்கள்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததே. தீர்வு விகிதம் என்று இன்று காட்டும் உயரமான எண் ஒரே மாதத்தில் தொப்பென்று விழும். முதல் சில மாதங்கள் அந்த விழுந்த எண்ணைத் தாங்கிக்கொள்ளும் கமிஷனரும் மேயரும் தேவை.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் 2022 விதிகள்படி வார்டுப் பிரச்சினைகளைப் பேச வார்டு குழுவும் ஏரியா சபையும் இருக்கின்றன, கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் ஆபீஸில் கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு, 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் வார்டு எண், கடந்த வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பதிவான வடிகால், சாலை, தெருவிளக்குப் புகார்கள். ஒவ்வொன்றுக்கும் பதிவான தேதி, தெரு, வகை, மூடிய தேதி, மூடியவரின் பதவி, மூடும்போது எழுதிய குறிப்பு. புகார்தாரர் விவரம் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அதையே காரணம் காட்டித் திருப்புவார்கள். ஸ்கேன் தாளாகத் தராமல் மென்பிரதியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் அட்டவணையின் கடைசி நெடுவரிசையை, அந்தக் குறிப்புகளை, முதலில் படியுங்கள். ‘எங்கள் வேலை அல்ல’ எத்தனை என்று எண்ணிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.